வலது கைக்கு ஊற்றாத கெண்டி

சித்தேரிப்பட்டில் ஏரி இருந்த இடத்தில் கார்க்கதவு செய்யும் ஜப்பான் கம்பெனி வந்து, கரும்பு இருந்த இடத்தில் கெஸ்ட் ஹவுஸ்கள் வந்து, சலூன் பலகையில் சலூன்காரருக்கே படிக்கத் தெரியாத ஜப்பான் எழுத்தும் வந்து உட்கார்ந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கஜபதியின் கெஸ்ட் ஹவுஸில் வலது கையால் சாய்த்தால் ஒரு சொட்டுகூட ஊற்றாத டீ கெண்டி ஒன்று வேலையை ஆரம்பித்தது. ஊர் அதற்கு ஆச்சரியப்படவில்லை. ஊருக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் கெண்டி மேல் இல்லை, பாத்திரம் தேய்க்கிற தேசம்மா மேல்.

தேசம்மாவுக்குப் பதினேழு வயது, இடது கைக்காரி. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். சாப்பிடுவது, எழுதுவது, தலை வாருவது, நாய் துரத்தினால் கல் எடுப்பது எல்லாம் அந்தக் கைதான். அது அவள் யோசித்து எடுத்த முடிவு இல்லை, பிறந்ததிலிருந்தே அந்தக் கை முந்திக்கொள்ளும். ஊரில் அதற்குப் பேர் பீச்சாங்கை. பெட்டிக்கடை ராஜாமணி அவள் நீட்டும் சில்லறையைக் கையில் வாங்க மாட்டாள், பலகை மேல் வை என்பாள். கோயிலில் அந்தக் கையை நீட்டினால் விபூதித் தட்டு அவளைத் தாண்டிப் போய்விடும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கினால் யாராவது ஓடி வந்து பிடுங்கிக்கொள்வார்கள். தெருவில் ஒரு குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தால் குழந்தை வாங்கிக்கொள்ளும், குழந்தையின் அம்மா அதைத் தட்டிவிட்டுக் கையைக் கழுவி விடுவாள்.

பதினொன்றாம் வகுப்பு அரைப்பரீட்சையில் அவள் விடைத்தாளை இடது கையால் நீட்டினாள், டீச்சர் வாங்கவில்லை. "ஒழுங்கா குடு" என்றார். தேசம்மா கையை மாற்றவில்லை, டீச்சரும் கையை நீட்டவில்லை, மற்ற பிள்ளைகள் எல்லாம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். கடைசியில் வாட்ச்மேன் வந்து ரூமைப் பூட்ட வேண்டும் என்றபோது அவள் தாளைத் தரையில் வைத்துவிட்டு நடந்தாள், நடந்தவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை. இதற்கு ஊர் திமிர் என்று பேர் வைத்தது. வாங்காமல் நின்ற டீச்சருக்கு என்ன பேர் என்று யாரும் கேட்கவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். இந்தக் கையால் அவள் நீட்டுவதை யாராவது ஒருத்தர் முகத்தைச் சுளிக்காமல் வாங்க வேண்டும். காரா கேட்டாள், வீடா கேட்டாள்?

கெஸ்ட் ஹவுஸிலும் அதே கதைதான். கஜபதியின் மனைவி கோகிலா முதல் நாளே சொல்லிவிட்டாள். "பின்னாடியே இருடி தேசு. சாப்பாட்டு மேஜைப் பக்கம் வராதே. வெளிநாட்டுக்காரங்க இருக்கிற இடம், நம்ம மானம் போயிடும்." அந்த வெளிநாட்டுக்காரர்கள் யாருடைய கையையாவது பார்த்தார்களா, கேட்டார்களா? பாவம், அவர்கள் தினமும் காலையில் தங்கள் டீயைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள்.

ஏனென்றால் சமையல்கார மணவாளன் மாஸ்டர், அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பச்சைத் தேயிலையை அலுமினியக் குண்டானில் கொட்டி, இஞ்சி தட்டிப் போட்டு, வெல்லம் போட்டு, கஷாயம் மாதிரி சுண்டக் காய்ச்சி, டபராவில் நுரை வர ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் குனிந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டு, மாஸ்டர் திரும்பிய நேரம் பார்த்து அதை வாசல் குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றினார்கள், குரோட்டன்ஸ் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. கடைசியில் அவர்களில் மூத்தவர், ஹிராத்தா என்ற இன்ஜினியர், தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழைக் கூட்டிச் சேர்த்து மெதுவாகச் சொன்னார்.

"மாஸ்டர்-சான். டீ... பாவம்."

மாஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஹிராத்தா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்: தண்ணீரைக் கொதிக்க வைத்து, கொஞ்சம் ஆற விட்டு, சின்னக் கெண்டியில் இலை மேல் ஊற்றி, ஒரு பாட்டு பாதி பாடுகிற நேரம் மூடி வைத்து, உடனே கடைசிச் சொட்டு வரைக்கும் வடித்துவிட வேண்டும், விட்டால் கசந்துவிடும். குண்டான் வேண்டாம். கெண்டி வேண்டும்.

அதனால் கெண்டி வாங்க எல்லோரும் காஞ்சிபுரம் அமானுல்லா பாய் கடைக்குப் போனார்கள். கஜபதி, கோகிலா, மாஸ்டர், பை தூக்க தேசம்மா, அப்புறம் கோகிலாவின் ஐந்து வயசு மகள் அவந்திகா. அவந்திகாவின் இடது கையில் வாத்துப் படம் போட்ட மஞ்சள் சாக்ஸ் மாட்டி, மணிக்கட்டில் ரிப்பன் கட்டியிருந்தது, உள்ளே விரலெல்லாம் வேப்பெண்ணெய் தடவியிருந்தது, ஏனென்றால் அந்தக் குழந்தையும் கிரேயானை அந்தக் கையால்தான் எடுத்தது. "இப்பவே திருத்தலைன்னா அப்புறம் இவளை மாதிரி ஆயிடும்" என்று கோகிலா தேசம்மா எதிரிலேயே சொல்லுவாள், சுவரிடம் சொல்லுகிற மாதிரி.

கடையில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். கஜபதிக்கு இரும்புக் கெண்டி பிடித்தது, தூக்கிப் பார்த்தால் கனமாக இருந்தது, கனமாக இருந்தால் நல்ல சாமான் என்பது அவர் கணக்கு. மாஸ்டருக்குக் கண்ணாடிக் கெண்டி பிடித்தது, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம், தன்னை இனி யாரும் குறை சொல்ல முடியாது. கோகிலாவுக்கு ரோஜாப்பூவும் தங்க விளிம்பும் போட்ட பீங்கான் கெண்டி. யாருடைய நாக்குக்காக வாங்குகிறார்களோ அந்த மனுஷரைக் கூட்டி வந்து கேட்டால் என்ன என்று தேசம்மா கேட்டாள். "நீ பையைப் புடி" என்றார் கஜபதி.

அப்போது ஒரு விஷயம் நடந்தது, தேசம்மா மட்டும் பார்த்தாள். பாய் தாளில் சுற்றும்போது ரோஜாப்பூக் கெண்டி மேஜை விளிம்பில் வழுக்கியது, கோகிலா அதை அந்தரத்திலேயே பிடித்தாள், இடது கையால், பூனை எலியைப் பிடிக்கிற மாதிரி, ஒரு கண்ணிமைப்புக்குள். பிடித்துவிட்டு, சுட்ட பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி அந்தக் கையை முந்தானையில் துடைத்து, வளையல்களை மணிக்கட்டுக்கு இறக்கிக்கொண்டாள். அந்த வளையல்களுக்கு அடியில் ஒரு பழைய தீத்தழும்பு உண்டு. சின்ன வயசில் கோயில் பொங்கல் பானை பட்டது என்று சொல்லுவாள்.

அடித்தட்டில், தூசிக்குள், செங்கல் நிறத்தில் ஒரு குட்டிக் கெண்டி கிடந்தது. பளபளப்பு இல்லை, பூ இல்லை, கைப்பிடி பின்னால் வளைந்து வராமல் பக்கவாட்டில் கரண்டிக் காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே, மூக்கு ஆரம்பிக்கிற இடத்தில், மண்ணிலேயே சல்லடை, கேழ்வரகுகூடப் போகாத ஓட்டைகள்.

"அது தப்புப் பீஸும்மா" என்றார் பாய். "ஜப்பான் சரக்குல கலந்து வந்துடுச்சு. கைப்பிடியைப் பக்கம் மாத்தி ஒட்டிட்டான். புடிச்சா மூக்கு நம்ம வயித்தைப் பாக்குது பாரு."

அவர் வலது கையால் பிடித்துக் காட்டினார், மூக்கு அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தது. தேசம்மா வாங்கி இடது கையால் பிடித்தாள். காம்பு உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது, கட்டை விரல் தானாக மூடி மேல் போய் நின்றது, மூக்கு வெளியே பார்த்தது, எங்கே ஊற்ற வேண்டுமோ சரியாக அங்கே. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, நெஞ்சு எரிந்தது. கத்தரிக்கோல், தையல் மிஷின் சக்கரம், பள்ளிக்கூட நாற்காலியில் எழுதுகிற பலகை, உலகத்தில் அத்தனை சாமானும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கே செய்து வைத்துவிட்டு, இந்தப் பக்கத்துக்கு ஒன்று செய்தால் அதற்குத் தப்புப் பீஸ் என்று பேரா?

"இது தப்பு இல்ல பாய். இது எனக்குச் செஞ்சது."

"அப்ப நீயே எடுத்துக்க, கொசுறு" என்று பாய் சிரித்துக்கொண்டே பையில் போட்டார். கோகிலா மட்டும் சிரிக்கவில்லை.

கடைசியில் மூன்றையும் வாங்கி வந்தார்கள். இரும்புக் கெண்டி சூட்டைப் பிடித்தால் விடவே விடாது, இலை உள்ளே வெந்து டீ கசந்து வழிந்தது. கண்ணாடிக் கெண்டியில் மாஸ்டர் பழக்கதோஷத்தில் அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றினார், அது டப்பென்று விரிசல் விட்டுவிட்டது. ரோஜாப்பூக் கெண்டியின் சல்லடை ஓட்டைகள் பட்டாணி போகிற அளவுக்கு இருந்ததால் இலையெல்லாம் கோப்பைக்கு வந்து, ஹிராத்தா மீசையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே "நல்லா, நல்லா" என்றார். பிறகு எழுந்து அவரே சமையலறைக்குள் வந்து தேடினார், ஜன்னலோரம் தேசம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த செங்கல் நிறக் கெண்டியைப் பார்த்தார், "ஓ" என்றார், காம்பைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், கொஞ்சம் சிரித்தார். இதுதான் என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கோகிலா இலை போட்டு, ஆறிய வெந்நீர் ஊற்றி, கெண்டியை வலது கையால் எடுத்து, மூக்கு தன் வயிற்றைப் பார்த்ததால் மணிக்கட்டை வெளிப்பக்கம் முறுக்கி, ஹிராத்தாவின் கோப்பைக்கு மேல் சாய்த்தாள். வரவில்லை. இன்னும் சாய்த்தாள். வரவில்லை. கஜபதி வாங்கித் தலைகீழாகவே கவிழ்த்தார், மூடி கழன்று மேஜையில் உருண்டது, டீ மட்டும் கெண்டிக்குள்ளேயே, கூரையில் ஒட்டிய பல்லி மாதிரி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஆவி விட்டது. மாஸ்டர் கீழேயிருந்து விரலை விட்டுப் பார்த்து, "சுடுது. ஈரமாத்தான் இருக்கு" என்றார். ஹிராத்தாவும் தன் வலது கையால் வாங்கிச் சாய்த்துப் பார்த்தார், அவருக்கும் வரவில்லை, தலையைச் சொறிந்தார்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்த தேசம்மா, இவர்களுக்கு ஒரு கெண்டியைக்கூடப் பிடிக்கத் தெரியவில்லையே என்ற எரிச்சலில், அதை வாங்கி நிமிர்த்தி மூடி போட்டு இடது கையால் சாய்த்தாள். பச்சை நூல் மாதிரி டீ இறங்கியது. ஹிராத்தா சொல்லிக்கொடுத்தபடியே ஒரு கோப்பைக்குக் கொஞ்சம், அடுத்த கோப்பைக்குக் கொஞ்சம், மறுபடி முதல் கோப்பைக்குக் கொஞ்சம் என்று எந்தக் கோப்பையிலும் திக்கோ தண்ணியோ ஆகாமல் பங்கு போட்டு, கடைசிச் சொட்டை உதறி விட்டாள். ஹிராத்தா ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், மூடிய கண் கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை. அவருக்கு அம்மா ஞாபகமோ ஊர் ஞாபகமோ, யாருக்குத் தெரியும். திறந்தபோது சொன்னார், "தினமும். இது."

"அடிப்பாவி, நொட்டாங்கையாலேயே ஊத்திட்டியே!" என்று கோகிலா தலையில் கை வைத்தாள். கெண்டி செய்ததை யாரும் பேசவில்லை.

பிறகு ஊர் வந்தது. ஊருக்கு வேறு வேலையா? குழாய் ரிப்பேர்காரர் வந்து மூக்கில் வாய் வைத்து ஊதிப் பார்த்தார், காற்று போனது, தண்ணீர் வரவில்லை. டியூஷன் சென்டர்காரர் காற்றழுத்தம் என்று ஆரம்பித்து, கெண்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, இது சிலபஸில் இல்லை என்று போய்விட்டார். பூசாரி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டுச் சாய்த்தார், ராஜாமணி கடவுள் பேரைச் சொல்லிக்கொண்டு சாய்த்தாள், வெள்ளை வேட்டிக்காரர்கள் இரண்டு கட்சியிலிருந்தும் வந்து போட்டோவுக்கு நின்று சாய்த்தார்கள், அத்தனை பேரும் வலது கையால்தான், அத்தனை பேருக்கும் டீ உள்ளேயே நின்று முறைத்தது. குழாய்க்காரர் மட்டும் ஒரு தடவை முதுகு சொறிய வேண்டிக் கெண்டியைக் கை மாற்றினார், உடனே அது அவர் பேண்ட்டில் கடகடவென்று ஊற்றிவிட்டது. "யாருக்கும் சொல்லாதம்மா" என்று தேசம்மாவிடம் கெஞ்சிவிட்டுப் போனார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, இது தேசம்மாவின் கைக்கு மட்டும் இல்லை, எந்த இடது கைக்கும் ஊற்றும். ஒவ்வொருத்தராகச் சமையலறைக்கு வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்தி, இடது கையால் ஒரு சொட்டு ஊற்றிப் பார்த்து, சிரித்துக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வெளியே வந்து "ச்சே, கர்மம்" என்றார்கள். மூலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே தேசம்மா எல்லாரையும் பார்த்தாள். கோகிலா மட்டும் அந்தக் கெண்டி பக்கம் இடது கையைக் கொண்டு போகவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டுகூட இல்லை.

ஆக, எல்லாரிடமும் அந்தக் கை இருந்தது. ஆனால் நாலு பேர் எதிரில் அந்தக் கையால் ஊற்ற ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. தேசம்மாதான் ஊற்ற வேண்டும், ஆனால் தேசம்மா ஊற்றவும் கூடாது. முதலில் ஒரு திரை கட்டினார்கள், திரைக்குப் பின்னால் அவள், திரை ஓட்டை வழியாகக் கையும் கெண்டியும் மட்டும். ஹிராத்தா பயந்துபோய்த் திரையைத் தூக்கிப் பார்த்து "வணக்கம்" என்றார். அப்புறம் கையுறை மாட்டிவிட்டார்கள், காம்பு வழுக்கியது. கடைசியில் தர்மகர்த்தா சம்பந்தம் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார், கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிற அத்தனை பேரும் வந்தார்கள், ஏனென்றால் ஜப்பானிலிருந்து கம்பெனியின் பெரிய டைரக்டர் வரப்போகிறார், அந்தக் கெண்டியில் டீ குடிக்க ஆசைப்படுகிறார், அவருக்குத் திருப்தி என்றால் புதிதாக வரும் அத்தனை இன்ஜினியர்களும் நம் ஊரிலேயே தங்குவார்கள் என்று ஹிராத்தா சொல்லியிருந்தார்.

ஜனங்கள் மணிக்கணக்கில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இடது கையால் ஊற்றலாம் என்ற முடிவா? அது எப்படி வரும்! சம்பந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு சொன்னார். "தேசம்மா விஷயத்துல தெய்வம் கை மாத்தி வச்சிருக்கு. அதனால இன்னையிலேருந்து அவளோட இடது கைதான் வலது கை. அவளுக்கு மட்டும். வேற யாருக்கும் இது பொருந்தாது."

எல்லாரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். தேசம்மா எழுந்து நின்றாள்.

"அப்ப நான் எந்தக் கையால கால் கழுவறது?"

ஒருத்தர் ஒருத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னாடி கேள்வி இது, கோயில்ல வச்சு" என்றாள் ராஜாமணி.

"நீங்கதான் கையை மாத்துனீங்க. சொல்லுங்க. இதுவரைக்கும் கழுவற கைன்னு சொல்லித்தானே என்கிட்ட வாங்காம இருந்தீங்க? நான் இந்தக் கையால சாப்பிடறேன், அந்தக் கையாலதான் கழுவறேன். பொறந்ததுலேருந்து அப்படித்தான். ஒருத்தராவது கேட்டீங்களா?"

சம்பந்தம் அந்த விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்.

அதற்கு அப்புறம்தான் அவளுக்கு உண்மையான தொல்லை ஆரம்பித்தது. அந்தக் கைக்கு மஞ்சள் பூசினார்கள், மணிக்கட்டில் மல்லிகைச் சரம் சுற்றினார்கள், ஜுரம் வந்த பிள்ளைகளைத் தூக்கிவந்து தொடச் சொன்னார்கள், ராஜாமணி இப்போது சில்லறையை அந்தக் கையிலிருந்துதான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பூசாரி விபூதித் தட்டை அவளைத் தேடிக் கொண்டுவந்தார். முன்பு அருவருப்பு, இப்போது பக்தி, இரண்டிலும் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாத்திரம் தேய்க்க வேண்டாம், கை கெட்டுவிடும் என்றார் கஜபதி. அது அவள் கை மேல் உள்ள கரிசனம், அவள் மேல் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒருத்தர் சும்மா வாங்குவதுதான், குடையை வாங்குகிற மாதிரி, சாவியை வாங்குகிற மாதிரி. கும்பிட்டு வாங்குவதற்கும் வாங்காமல் போவதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒரு மத்தியானம் அவந்திகா சமையலறை வாசலில் உட்கார்ந்து, சாக்ஸ் மாட்டிய கையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தது. வேப்பெண்ணெய்க் கசப்புக்கு வாயைக் கோணிக்கொண்டு, திரும்பத் திரும்பக் கடித்தது.

"அக்கா" என்று தேசம்மா கோகிலாவைக் கூப்பிட்டாள். "என் கைக்குப் பூ சுத்தறீங்க. பாப்பா கைக்கு எதுக்கு சாக்ஸ்?"

"உனக்கு சாமி குடுத்தது. இவளுக்குக் கெட்ட பழக்கம்."

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

"ஒண்ணு இல்ல!" கோகிலா கத்தியதில் குழந்தை கையை மடியில் ஒளித்துக்கொண்டது. "உனக்கு என்னடி தெரியும்? நாளைக்கு இவளைக் கட்டிக்கிறவன் வீட்டுல, பந்தியில, பள்ளிக்கூடத்துல, எத்தனை பேர் பேசுவாங்கன்னு தெரியுமா உனக்கு?"

தேசம்மாவுக்கா தெரியாது? அவள் போய், கஜபதி தேய்க்க வேண்டாம் என்ற பாத்திரத்தை எடுத்துப் பரபரவென்று தேய்த்தாள்.

டைரக்டர் வந்த நாளில் கெஸ்ட் ஹவுஸ் ஹாலில் கால் வைக்க இடம் இல்லை. வெள்ளை முடியோடு குட்டையாக ஒருத்தர், பக்கத்தில் ஹிராத்தா, பின்னால் கோட் போட்டவர்கள், சுவர் ஓரமெல்லாம் ஊர், மாஸ்டர் புதுத் தொப்பியோடு, சம்பந்தம் சால்வையோடு. தேசம்மாவின் மணிக்கட்டில் மல்லிகை, மேஜையில் செங்கல் நிறக் கெண்டி, சுற்றிக் கோப்பைகள். அவள் இலை போட்டாள், ஆறிய வெந்நீர் ஊற்றினாள், மூடினாள். ஒரு பாட்டு பாதி பாடுகிற நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவள் மல்லிகைச் சரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஊத்து தேசு" என்றார் கஜபதி.

"நான் ஊத்த மாட்டேன் அண்ணா. யாராவது ஊத்துங்க."

"விளையாடற நேரமா இது?"

"விளையாடல. எந்த இடது கையானாலும் ஊத்தும்னு எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் ஒண்ணு இருக்கு. கதவைச் சாத்திக்கிட்டு ஊத்திப் பாத்தீங்களே, இப்ப கதவைத் திறந்து வச்சுக்கிட்டு ஊத்துங்க. என் கை வலது கையும் இல்ல, சாமி கையும் இல்ல. இடது கை. அது தப்பில்லன்னா பாப்பா கையில இருக்கிற சாக்ஸைக் கழட்டுங்க. தப்புன்னா நான் எதுக்கு ஊத்தணும்?"

கெண்டிக்குள் டீ கறுத்துக்கொண்டிருந்தது. ஹிராத்தா கெண்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கஜபதி பாய்ந்து வலது கையால் சாய்த்தார், வரவில்லை. சம்பந்தம் சால்வையை ஒதுக்கிவிட்டு வலது கையால் சாய்த்தார், வரவில்லை. குழாய்க்காரரைப் பார்த்தார்கள், அவர் வாசலைப் பார்த்தார். மாஸ்டர் தன் இடது கையைப் பாதி தூக்கினார், கூட்டத்தில் யாரோ இருமினார்கள், கையை இறக்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சொல்லக் கேவலமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்: ஒரு ஊர் முழுக்க நின்றுகொண்டு, தங்கள் உடம்போடு ஒட்டியிருக்கிற கையை நீட்டப் பயந்து, ஒரு கெண்டி டீயைக் கசக்க விட்டது.

கோகிலா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தேசம்மா முகத்தருகே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், "நல்லா பழி வாங்கற." சொல்லிவிட்டு வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளினாள், தழும்பு வெளியே வந்தது, பானை பட்ட தழும்பு இல்லை அது, கரண்டிக் குழி அப்படியே பதிந்த வட்டம், யாரோ வேண்டுமென்றே வைத்து அழுத்தியது. இடது கையால் கெண்டியை எடுத்தாள்.

அவள் எடுத்த விதத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. காம்பு அவள் உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது, கட்டை விரல் தானாக மூடி மேல் நின்றது, தோள் இறங்கியது, முப்பது வருஷமாக முறுக்கி வைத்திருந்த ஒரு கயிறு பிரிந்த மாதிரி. ஒரு கோப்பைக்குக் கொஞ்சம், அடுத்ததற்குக் கொஞ்சம், மறுபடி முதலுக்குக் கொஞ்சம், ஒரு சொட்டு சிந்தவில்லை, மேஜை விரிப்பில் ஒரு புள்ளி விழவில்லை. கடைசிச் சொட்டை உதறிவிட்டு, டைரக்டருக்கு முன்னால் கோப்பையை வைத்தாள். அவர் குனிந்து கும்பிட்டு எடுத்துக் குடித்தார். குடித்துவிட்டு ஹிராத்தாவிடம் ஏதோ சொன்னார்.

"கொஞ்சம் கசப்பு" என்றார் ஹிராத்தா. "ஆனா போதும்னு சொல்லல. இன்னும் வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. கஜபதி தன் மனைவியின் கையை, புது ஆளின் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அவந்திகா வந்து கோகிலாவின் காலருகே நின்று, அந்தக் கையையே பார்த்தது. "அம்மா, நீயும் அந்தக் கையா?" என்றது. கோகிலா குனிந்து ரிப்பனை அவிழ்த்தாள், முடிச்சு இறுகியிருந்தது, அவள் நகத்தால் பிடித்து இழுத்து அவிழ்த்தாள், சாக்ஸை உருவினாள். குழந்தையின் விரல்கள் எண்ணெயில் ஊறிச் சுருங்கி, குளத்தில் ரொம்ப நேரம் கிடந்தது மாதிரி வெளுத்திருந்தன. கோகிலா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் நிமிர்ந்து, மீதி இருந்த ஒரு கோப்பையை எடுத்து, தேசம்மாவிடம் நீட்டினாள். இடது கையால்.

தேசம்மா வாங்கவில்லை.

அவள் கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அவளுக்குப் பரிதாபம் வரவில்லை, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவளுக்குக் கோபம்தான் இன்னும் வந்தது. இத்தனை நாளாக இந்தக் கையை வளையலுக்கு அடியில் வைத்துக்கொண்டா என்னைப் பின்கட்டுக்குத் துரத்தினாய்? சுட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டே பிள்ளைக்கு எண்ணெய் தடவினாயா? கோகிலாவின் கை நீண்டபடியே இருந்தது, ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, கோப்பையிலிருந்து ஆவி குறைந்துகொண்டே வந்தது. அவள் கையை மாற்றவில்லை. இறக்கவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நீட்டியபடி நின்றாள்.

நிற்கத் தெரிந்த ஆளை நிற்கத் தெரிந்த ஆளுக்குப் புரியும். தேசம்மா முதுகுக்குப் பின்னாலிருந்து இடது கையை எடுத்து வாங்கிக்கொண்டாள். டீ ஆறிப்போய், கசந்துபோய் இருந்தது. ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தாள்.

"கசக்குதுக்கா" என்றாள்.

"உன்னாலதாண்டி" என்றாள் கோகிலா.

இப்போது அந்தக் கெஸ்ட் ஹவுஸில் யார் வேண்டுமானாலும் ஊற்றுகிறார்கள். கெண்டி மாறவில்லை, வலது கைக்கு இன்னும் ஒரு சொட்டு விடுவதில்லை. மாஸ்டர் பழகிவிட்டார், கஜபதி பழகிக்கொண்டிருக்கிறார், தினமும் ஒரு சட்டை நனைகிறது. வாத்துப் போட்ட மஞ்சள் சாக்ஸால் தேசம்மா கெண்டியைத் துடைத்து வைக்கிறாள். கை மாற்றிய தீர்ப்பைப் பற்றிச் சம்பந்தம் பேசுவதே இல்லை, கால் கழுவுகிற விஷயத்துக்கு அடுத்த கூட்டமும் வரவில்லை. ஊரில் ஒவ்வொருத்தராக ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு வந்து ஒரு கோப்பை பச்சை டீ குடித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மறுநாளும் வருகிறார்கள்.

அந்த டீச்சர் மட்டும் இன்னும் வரவில்லை. வரட்டும். வந்தால் தேசம்மாவே ஊற்றிக் கோப்பையை நீட்டுவாள், எந்தக் கையால் என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்குகிற வரைக்கும் நிற்பாள். ரூமைப் பூட்ட வேண்டும் என்று சொல்ல அங்கே வாட்ச்மேனும் கிடையாது.